எண்ணியது போதும், இனிப் பார்க்க வேண்டும்

2020-இல் லண்டனில் நடந்த ஏலம் ஒன்றில் ரோமானியத் தங்கக்காசு ஒன்று 27 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. உலகம் முழுக்கச் செய்தி வந்தது. பெரும்பாலான தலைப்புகளில் விலைதான் முந்தி நின்றது. காசு கள்ள வழியில் கைமாறியது என்று தெரியவந்து, 2023-இல் அமெரிக்க அதிகாரிகள் அதைக் கிரீஸிடம் ஒப்படைத்தார்கள். அப்போதும் பேச்சு விலையைப் பற்றித்தான். காசின் மேல் என்ன செதுக்கியிருக்கிறது என்பது செய்தியின் அடியில் ஓரிரு வரியாக ஒதுங்கிவிட்டது.

ஒதுக்க வேண்டிய விஷயமா அது? ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், கி.மு. 42 வாக்கில் தன் படையோடு நகர்ந்துகொண்டிருந்த நாணயச்சாலையில் அடித்த காசு அது. தலைப்பக்கம் புரூட்டஸின் முகம். மறுபக்கம் நடுவில் ஒரு குல்லாய். அடிமைக்கு விடுதலை கொடுக்கும்போது ரோமானியர்கள் அணிவித்த குல்லாய். அதன் இருபுறமும் முனை கீழ்நோக்கிய இரண்டு குத்துவாள்கள். கீழே ‘ஈத் மார்’ என்று லத்தீனில் ஆறே எழுத்து: சீசர் குத்துப்பட்டு இறந்த மார்ச் 15. வாள்கள் இரண்டும் ஒன்றுபோல் இல்லை, கைப்பிடிகள் வெவ்வேறு. செய்த கொலை, அதற்குச் சொன்ன நியாயம், நடந்த நாள் எல்லாமே நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டத்துக்குள் அடங்கிவிட்டன. உயிரோடு இருக்கும்போதே தன் முகத்தை ரோம் நகரக் காசில் பொறித்த முதல் ரோமானியர் சீசர். அவர் மன்னராகப் பார்க்கிறார் என்று சொல்லி அவரைக் கொன்றவரும் தன் முகத்தையே பொறித்துக்கொண்டார் என்ற முரண்பாடும் அதே காசில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு ரோமானியக் காசு புதிதல்ல. கோவை, கரூர், புதுக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் அவை பலமுறை கிடைத்திருக்கின்றன. கிடைக்கும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. எத்தனை காசு? தங்கமா, வெள்ளியா? எந்த நூற்றாண்டு? இன்றைக்கு என்ன பெறும்? வரலாற்று நூல்களில் அது கடல் வணிகத்துக்குச் சான்று. சான்றுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கும் முன்னால் அது ஒரு சிற்பம். முகம் தெரியாத ஒரு கலைஞர் கண்ணை இடுக்கிக்கொண்டு உலோகத்தில் வெட்டிய சிற்பம். அதைப் பார்க்காமல் எண்ணிக்கையையும் எடையையும் மட்டும் பதிவுசெய்தால், கையில் கிடைத்ததில் பாதியை இழக்கிறோம்.

உளியும் சம்மட்டியும்

டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜின் தளபதி ஹானிபாலுடன் ரோம் போரிட்டுக்கொண்டிருந்த நெருக்கடியில் பிறந்தது. அடுத்த நானூறு ஆண்டுகளுக்கு மேல் அதுதான் ரோமின் முதன்மை வெள்ளிக் காசு. அகலம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. எடை சுமார் 4 கிராம்.

அதைச் செய்ய இரண்டு அச்சுகள் வேண்டும். தலைப்பக்க அச்சு பட்டடையில் அசையாமல் பதிக்கப்பட்டிருக்கும். மறுபக்க அச்சு, கையில் பிடிக்கும் முளையின் அடியில் இருக்கும். சூடேற்றிய உலோக வில்லையைக் குறட்டால் எடுத்து ஒருவர் கீழ் அச்சின்மேல் வைப்பார். மேல் அச்சை அதன்மேல் நிறுத்தியதும் இன்னொருவர் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார். இரண்டு பக்கமும் ஒருசேர எழும்பும். கி.மு. 46-இல் டைட்டஸ் கரிசியஸ் என்ற நாணய அதிகாரி வெளியிட்ட டெனாரியஸின் மறுபக்கம் இந்தக் கருவிகளையே காட்டுகிறது. குறடும் சம்மட்டியும் பட்டடையும் வரிசையாக இருக்கும் அந்தக் காசில், தொழில் தன்னைத்தானே பதிவுசெய்துகொண்டிருக்கிறது.

அச்சு செதுக்குபவருக்கு எல்லாமே தலைகீழ். மூக்கு மேடாக வர வேண்டுமானால் அச்சில் அது பள்ளமாக இறங்க வேண்டும். வலப்புறம் பார்க்கும் முகத்தை இடப்புறம் பார்ப்பதாக வெட்ட வேண்டும். எழுத்துகளை இடவலம் மாற்றிப் பொறிக்க வேண்டும். பள்ளம் கூடினால் சம்மட்டி அடியில் உலோகம் அடிவரை நிறையாது, குறைந்தால் முகம் தட்டையாகிவிடும். இந்தக் கட்டுப்பாடுகளுக்கு நடுவில்தான் காதுமடலின் வளைவையும், தாடைக்கடியில் தொங்கும் சதையையும், நெற்றியில் விழும் முடிக்கற்றையையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். அச்சு அடிபட்டுத் தேய்ந்ததும் இன்னொன்றைக் கையால் செதுக்கினார்கள். அதனால் ஒரே வகைக் காசிலும் அச்சுக்கு அச்சு வேறுபாடு உண்டு. அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், அதன் இரு பக்கமும் அதே முகம் வரும், ஒன்று மேடாகவும் மற்றொன்று பள்ளமாகவும். அப்படிப்பட்ட பிழைக்காசுகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்தப் பட்டறையின் வேகம் என்ன என்பதை அவை காட்டிக்கொடுக்கின்றன.

இந்தக் கைகளுக்குப் பெயர் இல்லை. சிசிலியின் கிரேக்க நகரமான சிராக்கூஸில், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிமோன், யூஐனெட்டோஸ் ஆகிய கலைஞர்கள் தம் பெயரைக் காசிலேயே பொறித்தார்கள். ரோமில் அந்த வழக்கம் வேர்பிடிக்கவில்லை. ரோமானியக் காசில் அதிகாரிக்குப் பெயர் உண்டு, பேரரசருக்கு உண்டு, செதுக்கியவருக்கு இல்லை. கி.பி. 115-ஐச் சேர்ந்த காணிக்கைக் கல்வெட்டுகள் சில ரோமில் கிடைத்தன. நாணயச்சாலைத் தொழிலாளர்கள் தெய்வங்களுக்கு வைத்தவை அவை. வில்லையை வைப்பவர்கள், சம்மட்டி அடிப்பவர்கள் என்று வேலைப் பிரிவுகள் அவற்றில் இருக்கின்றன. பெயர்களும் இருக்கின்றன. அவர்கள் அடிமைகளும், விடுதலை பெற்ற அடிமைகளும். ஆனால் எந்த முகம் எவர் கைவேலை என்பது எந்தக் கல்லிலும் இல்லை.

சுருக்கங்களின் அரசியல்

ரோமானியக் காசின் பெருஞ்சாதனை முகம். கி.மு. 47-இல் ஆண்டியஸ் ரெஸ்டியோ என்ற அதிகாரி தன் குடும்பத்து மூத்தவர் ஒருவரின் முகத்தைக் காசில் போட்டார். கன்னம் ஒட்டியிருக்கிறது, நெற்றியில் கோடுகள், வாயோரம் தொங்கியிருக்கிறது. அழகுபடுத்தும் எண்ணமே இல்லை. ரோமானிய மேட்டுக்குடியினருக்கு முதுமையின் தழும்பு ஒரு தகுதி. பொதுவாழ்வில் தேய்ந்தவர் என்பதற்கு அத்தாட்சி. கி.மு. 44-இல் வந்த சீசரின் முகமும் அந்த வழியில்தான் இருக்கிறது. கழுத்து நீண்டு மெலிந்து மடிப்பு விழுந்திருக்கிறது. தலையில் மாலை. வழுக்கையை மறைக்க உதவியதால் அந்த மாலையை அணியும் உரிமையைச் சீசர் மிகவும் விரும்பினார் என்று வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார்.

முதல் பேரரசர் அகஸ்டஸ் வந்ததும் எல்லாம் மாறியது. கி.பி. 14-இல் இறந்தபோது அவருக்கு 75 வயது. காசிலோ அவர் கடைசிவரை இளைஞர். மென்மையான கன்னம், ஒழுங்கான முடி, சலனமற்ற பார்வை. அரை நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் அலுத்துப்போன மக்களுக்கு, இனி எதுவும் மாறாது என்ற உறுதியை அந்த மூப்படையாத முகம் கொடுத்தது.

கி.பி. 69-இல் ஆட்சியைப் பிடித்த வெஸ்பாசியன் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தார். வழுக்கைத் தலை, முன்தள்ளிய மோவாய், தடித்த கழுத்து, கண்ணோரச் சுருக்கம். அவருக்கு முந்தைய ஆட்சிக் குழப்பத்தையும் பேரரசர் நீரோவின் ஆடம்பரத்தையும் நினைத்துப்பார்த்தால் காரணம் விளங்கும். உழைத்துப் பழகிய ஒரு படைவீரர் பொறுப்பேற்றிருக்கிறார் என்று அந்த முகம் சொல்கிறது. நீரோவின் காசுகளையே வரிசையாக அடுக்கினால் இன்னொரு கதை தெரியும். 16 வயதில் அரியணை ஏறிய பையனின் ஒல்லி முகம், ஆண்டுக்கு ஆண்டு சதை போட்டு, கி.பி. 64-க்குப் பிறகு கழுத்தும் கன்னமும் ஒன்றாகி, முடி அலை அலையாக அடுக்கப்பட்ட முகமாக மாறுகிறது. அதை மறைக்கும்படி அரண்மனை சொல்லவில்லை. வளத்தின் அடையாளமாகவே அது முன்வைக்கப்பட்டது.

ஒரே ஆட்சியமைப்பு, ஒரே தொழில்நுட்பம். முதுமையை ஒருவர் மறைத்தார், ஒருவர் காட்டினார். இரண்டையும் நம்பும்படி செய்தது செதுக்கியவரின் திறமை.

நாடுகள் பெண்களாக, நகரங்கள் வட்டமாக

செஸ்டர்டியஸ் என்ற பித்தளைக் காசு பெரியது. 3 சென்டிமீட்டருக்கு மேல் அகலம், 25 கிராம் அளவு எடை. அந்த இடவசதி செதுக்குபவர்களுக்கு ஒரு விடுதலையாக அமைந்தது. கி.பி. 64 வாக்கில் நீரோ வெளியிட்ட ஒரு செஸ்டர்டியஸில் ரோமின் துறைமுகமான ஓஸ்டியா முழுவதும் இருக்கிறது. துறைமுகத்தின் வளைந்த கரைகள் மேலிருந்து பார்ப்பதுபோல் வட்டமாக ஓடுகின்றன. உள்ளே நிற்கும் கப்பல்களோ பக்கவாட்டில் பார்ப்பதுபோல் பாயும் துடுப்புமாக இருக்கின்றன. கீழே நெப்டியூன் என்று கருதப்படும் கடல் தெய்வம் சாய்ந்து படுத்திருக்கிறது. இரண்டு கோணங்களை ஒரே படத்தில் கலந்திருக்கிறார்கள், ஆனால் கண்ணுக்கு உறுத்துவதில்லை. கப்பல்களின் எண்ணிக்கையும் அச்சுக்கு அச்சு மாறுகிறது. கொடுத்த மாதிரியை அப்படியே படியெடுக்காமல், ஒவ்வொருவரும் தம் வட்டத்தைத் தாமே நிரப்பியிருக்கிறார்கள்.

கி.பி. 80-இல் பேரரசர் டைட்டஸ் திறந்த கொலோசியத்தைக் காட்டும் செஸ்டர்டியஸ் இன்னும் துணிச்சலானது. அரங்கின் வெளிச்சுவர் அடுக்கு அடுக்காக நிற்கிறது, மேற்புறமோ திறந்து உள்ளே தெரிகிறது. அங்கே புள்ளிகள். உற்றுப் பார்த்தால் அவை உட்கார்ந்திருக்கும் மக்கள் தலைகள்.

நாடுகளைப் பெண்ணுருவாகக் காட்டுவது ரோமானியர்கள் நன்றாகக் கையாண்ட உத்தி. கி.பி. 70-இல் எருசலேம் வீழ்ந்தபின் வெஸ்பாசியன் வெளியிட்ட காசுகளில், பேரீச்ச மரத்தடியில் தலையைக் கையில் தாங்கி அழும் பெண்ணாக யூதேயா உட்கார்ந்திருக்கிறது. சில அச்சுகளில் பக்கத்திலேயே கை கட்டப்பட்ட கைதி. வெற்றியைக் கொண்டாடச் செய்த காசுதான். இருந்தும் அந்தப் பெண்ணின் குனிந்த தோளைச் செதுக்கிய கை, தோற்றவர் துயரத்தையும் உள்ளே விட்டுவிட்டது. அதிகாரத்துக்காக வேலை செய்த கலையிலும் மனிதம் தங்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

அறுபது ஆண்டுகள் கழித்து பேரரசர் ஹாட்ரியன் அதே உத்தியை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினார். பேரரசு முழுவதும் சுற்றிய அவர், தான் பார்த்த மாகாணங்களுக்கு ஒரு காசு வரிசையே வெளியிட்டார். ஆப்பிரிக்கா யானைத்தலை அணியோடு சாய்ந்திருக்கிறது. எகிப்தின் கையில் சிஸ்ட்ரம் என்ற கிலுகிலுப்பை, எதிரே ஐபிஸ் பறவை. ஸ்பெயினுக்கு ஒலிவக் கிளையும் ஒரு முயலும். இங்கே நாடுகள் அழவில்லை, தத்தம் அடையாளத்தோடு நிமிர்ந்து பார்க்கின்றன. ரோமானியக் காசில் பிறந்த பிரிட்டானியா என்ற பெண்ணுருவம், 1672-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் காசில் மீண்டும் வந்தது. பிறகு நூற்றாண்டுக் கணக்கில் அந்நாட்டுக் காசுகளில் இடம்பெற்றது.

மூன்றாம் நூற்றாண்டில் வெள்ளி வற்றியது. போரும் பணத் தட்டுப்பாடும் சேர்ந்து, வெள்ளிக் காசு என்று சொல்லப்பட்டதில் சில சதவீத வெள்ளியே மிஞ்சியது. கலையும் அதோடு வற்றியது என்று சொல்வது பழைய பழக்கம். அந்தத் தீர்ப்பை ஏற்க வேண்டியதில்லை. பேரரசர் காலியெனஸ் கி.பி. 267 வாக்கில் தெய்வங்களின் காவலை வேண்டி வெளியிட்ட மட்டமான காசுகளில் மான், குதிரை உடல் மனிதன், கடல்குதிரை என்று ஒரு விலங்குக் கூட்டமே துள்ளுகிறது. டயோக்ளீஷியன் காலத்தில் பேரரசைச் சேர்ந்து ஆண்ட நான்கு ஆட்சியாளர்களும் சதுரத் தலையும் குறுந்தாடியுமாக ஒருவர்போல் ஒருவர் இருப்பது கைத்திறன் குறைந்ததால் நேர்ந்ததல்ல. நால்வரும் ஒன்று என்பதுதான் அவர்கள் சொல்ல வந்த செய்தி.

பார்த்தவர்கள் உண்டா?

இதையெல்லாம் அக்கால மக்கள் பார்த்தார்களா என்ற கேள்வி நியாயமானது. ரோம வரலாற்றாய்வாளர் ஏ.எச்.எம். ஜோன்ஸ் 1956-இல் இதை அழுத்தமாகவே எழுப்பினார். தபால்தலையின் படத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, காசும் அப்படித்தான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்த வாதம் பழைய எழுத்துகளின் முன் நிற்கவில்லை. புரூட்டஸின் குத்துவாள் காசை, அது அடிக்கப்பட்டு இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு, வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ தன் நூலில் விவரித்திருக்கிறார். காசில் இருப்பது யாருடைய உருவம் என்று இயேசு கேட்பதாக நற்செய்தி நூல்கள் சொல்லும் நிகழ்ச்சி, கேட்டவர்கள் உருவத்தை அடையாளம் கண்டதால்தான் நிற்கிறது. தத்துவவாதி எபிக்டெட்டஸ் மனிதர்களின் குணத்தை விளக்கும்போது, டிராஜன் முத்திரைக் காசை ஏற்றுக்கொள்வதையும் நீரோ முத்திரைக் காசைத் தள்ளுவதையும் உவமையாகக் காட்டினார். பேரரசர் கான்ஸ்டன்டைன் வானத்தை நோக்கிக் கண்களை உயர்த்தியிருக்கும் தங்கக்காசைக் கண்ட கிறித்தவ எழுத்தாளர் யூசிபியஸ், அதை வேண்டுதல் நிலை என்று விளங்கிக்கொண்டு எழுதினார். அகஸ்டஸோ திருவிழாப் பரிசாகப் பழைய மன்னர்களின் காசையும் வெளிநாட்டுக் காசையும் நண்பர்களுக்குக் கொடுத்தார். சந்தைக்குப் போகும் ஒவ்வொருவரும் நின்று ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. பார்க்கும் கண்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை.

லியோனிலிருந்து வெள்ளலூருக்கு

காசைப் பார்த்த கண்களில் தமிழகக் கண்களும் அடக்கம். கோவை அருகே வெள்ளலூரில் 1842-இல் 500-க்கும் மேற்பட்ட டெனாரியஸ் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இருவருடையவை. தென்னிந்தியப் புதையல்கள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப வருபவை இரண்டே வகைகள். ஒன்றில், அகஸ்டஸின் பேரன்கள் கையஸும் லூசியஸும் கேடயங்களைப் பிடித்தபடி எதிரே பார்த்து நிற்கிறார்கள். மற்றொன்றில், டைபீரியஸின் தலைக்கு மறுபக்கம் ஒரு பெண் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கிறாள். அவள் டைபீரியஸின் தாய் லிவியா என்பது பலரின் கருத்து. இந்த இரண்டு வகைகளும் அடிக்கப்பட்டது இன்றைய பிரான்சின் லியோன் நகரத்தில். வெள்ளலூரின் நொய்யல் ஆற்றங்கரையில் மண்ணுக்குள் கிடந்தது லியோன் செதுக்குபவர்களின் கைவேலை.

டைபீரியஸ் காசை ஒரு பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் அமர்ந்திருக்கும் நாற்காலியின் கால்கள் சில அச்சுகளில் வெறும் நேர்க்கோடு. வேறு சிலவற்றில் கடைசல் பிடித்த கால்கள், குமிழும் இடுப்புமாக இருக்கின்றன. மொத்த நாற்காலியும் அரை சென்டிமீட்டர் உயரம் இருக்காது. அதன் காலுக்குக் கடைசல் பிடித்த கையின் பொறுமையைக் கணக்கெடுப்புப் பட்டியல் எதுவும் காட்டாது. ஆய்வாளர்கள் இந்தக் கால்களைக் கொண்டே அச்சுகளைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். அழகை நின்று பார்ப்பவருக்குத்தான் வரலாறும் கூடுதலாகக் கிடைக்கிறது.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றின் முகத்தில் உளிவெட்டு இருக்கிறது. பேரரசரின் தலைக்குக் குறுக்கே விழுந்த வெட்டு. இனிப் புழங்கக் கூடாது என்பதற்காக வெட்டினார்களா, உலோகத்தைச் சோதிக்கவா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும், வெட்டு விழுந்த இடம் தற்செயலானதல்ல.

கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்து, நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆய்ந்து வெளியிட்ட சேரர் வெள்ளிக் காசு இந்தக் கதையின் உச்சம். அதில் ஒரு மனித முகம், மேலே தமிழ் பிராமியில் ‘மாக்கோதை’ என்ற பெயர். யானையும் வில்லும் அம்பும் மீனுமாகச் சின்னங்களே இடம்பெற்றுவந்த சங்ககாலக் காசுகளுக்கு நடுவே இது தனித்து நிற்கிறது. ரோமானியக் காசின் தாக்கம் இதில் தெரிகிறது என்பது அறிஞர்கள் கருத்து. சேர நாட்டு அச்சுக் கலைஞர் ஒருவர் டைபீரியஸின் முகத்தை எடை போடும் பொருளாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மன்னரின் முகத்தைக் காசில் வைக்கலாம் என்ற கருத்தை அதிலிருந்து வாங்கி, தன் எழுத்தோடும் தன் மன்னரோடும் பொருத்தினார்.

செய்ய வேண்டியவை

அந்தச் சேர நாட்டுக் கலைஞர் பார்த்த அளவுக்காவது இன்றைய பார்வையாளருக்கும் பார்க்க வாய்ப்பு வேண்டும். காசுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, ‘ரோமானிய நாணயங்கள், கி.பி. 1-ஆம் நூற்றாண்டு’ என்று ஒரு சீட்டு வைத்தால் மறுபக்கம் தெரியாது, முகமும் தெரியாது. பத்துக் காசு போதும். ஒவ்வொன்றின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிய படம், யார், என்ன செய்கிறார், ஏன் இந்த உருவம் என்று தமிழில் நான்கு வரி, அச்சு செதுக்கும் முறைக்கு ஒரு மாதிரி. பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு பிரதி அச்சும் சம்மட்டியும் இருந்தால் களிமண்ணிலேயே காசு அடித்துப் பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

அமெரிக்க நாணயவியல் சங்கமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ரோமப் பேரரசின் 40,000-க்கும் மேற்பட்ட காசு வகைகளை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கின்றன. தமிழகத்தில் கிடைத்த ஒவ்வொரு ரோமானியக் காசின் இரு பக்கப் படமும், கிடைத்த ஊரின் பெயரோடு, அதேபோல் பொதுவில் வர வேண்டும். அப்போதுதான் வெள்ளலூர் நாற்காலிக் காலையும் லியோன் அச்சையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கோவையில் படிக்கும் மாணவரால் முடியும்.

பொதுமக்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆற்றிலோ வயலிலோ கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. நூற்றாண்டுகள் தாங்கிய முடிக்கற்றையும் எழுத்தும் அந்தத் தேய்ப்பில் போய்விடும். உருக்கி நகையாக்கினால் எதுவுமே மிஞ்சாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, கிடைத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரமும் காசோடு சேர்ந்து போக வேண்டும்.

பத்திரிகைகளும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். அடுத்த புதையல் செய்தி வரும்போது, எண்ணிக்கைக்கும் மதிப்புக்கும் பக்கத்தில் ஒரே ஒரு காசின் இரண்டு பக்கத்தையும் தெளிவாக, பெரிதாக அச்சிட்டு, அதில் இருப்பது யார் என்று சொல்லட்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு டைபீரியஸ் காசையும் ஒரு மாக்கோதை காசையும் அருகருகே வைத்து, மேலே ஒரு பூதக்கண்ணாடியைப் பொருத்துவதிலிருந்து மற்ற வேலைகளைத் தொடங்கலாம்.